கல்வி அவையும் கைபேசியும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வைப் போற்றித் தொடங்குகிறேன்.

 

இன்றைய கூட்டத்தில் வரவு செலவுக் கணக்குகளுக்குப் பின்னர், நம் மக்தப் மதரஸாவையும் மாலைநேரப் பாட வகுப்பையும் பற்றிய ஒரு தீர்மானம் உங்கள் முன் வைக்கப்படவிருக்கிறது. ஓதும் நேரத்திலும் படிக்கும் நேரத்திலும் பிள்ளைகளின் கையிலோ பையிலோ கைபேசி, ஸ்மார்ட் வாட்ச், காதில் மாட்டும் ஒலிக்கருவி முதலியவை இருக்கக்கூடாது என்பதே அதன் சாரம். இதனை வரவேற்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். 'காலத்திற்கு ஒவ்வாத கட்டுப்பாடு' என்று மனத்திற்குள் எண்ணுவோரும் சிலர் இருப்பீர்கள். இரு சாராருக்கும் பொதுவாக ஒரு செய்தியைச் சொல்லவே நிர்வாகத்தாரிடம் சிறிது நேரம் கேட்டுப் பெற்றேன்.

ஒரு தடையை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது எளிது. அதனை நிலைநிறுத்துவது பிள்ளைகளின் கையில் மட்டும் இல்லை. பெரியவர்களாகிய நம் கையில்தான் அதன் பெரும்பகுதி இருக்கிறது. நாம் நம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளாமல் பிள்ளைகளை மட்டும் கட்டுப்படுத்த முனைந்தால், அந்தத் தீர்மானம் அடுத்த ஆண்டறிக்கை வருவதற்குள் செத்துவிடும்.

புதிய பிரச்சினை அன்று

இந்த வாதம் நம் பகுதிக்குப் புதியதன்று. நமக்கு அருகில், குரோம்பேட்டையில், எம்.ஐ.டி. என்று அழைக்கப்படும் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1949ஆம் ஆண்டு நிறுவப்பட்டு, மேனாள் குடியரசுத் தலைவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் விமானப் பொறியியல் பயின்ற பெருமைக்குரிய அந்நிறுவனம், 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்கி வருகிறது. அந்த அண்ணா பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டு, துணைவேந்தர் டி. விசுவநாதன் அவர்களின் காலத்தில், பொறியியல் மாணவர்களுக்கு உடைக் கட்டுப்பாட்டையும், அதனுடன் கைபேசித் தடையையும் கொண்டுவந்தது. அன்று அது நாடெங்கும் பேசப்பட்டது. தொழில்நுட்பம் கற்பிக்கும் பல்கலைக்கழகமே தொழில்நுட்பக் கருவியைத் தடுப்பதா என்று கேட்டவர்களும் உண்டு.

அன்றைய கைபேசி எத்தகையது என்பதை நினைத்துப் பாருங்கள். பொத்தான்களை அழுத்திப் பேசவும், குறுஞ்செய்தி அனுப்பவும், சிறு விளையாட்டு ஒன்றிரண்டு ஆடவுமே அது பயன்பட்டது. அதுவே வகுப்பைக் கெடுக்கிறது என்று 2005ல் ஆசிரியர்கள் முறையிட்டார்கள். 2009ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் தன்னைச் சார்ந்த பள்ளிகளில் கைபேசியைக் கட்டுப்படுத்துமாறு சுற்றறிக்கை அனுப்பியது. அதன் பின்னர் வந்த ஸ்மார்ட்போனும், 2016ல் ஜியோ சேவை தொடங்கியதையடுத்து மலிவான இணையமும், கடைவீதி, திரையரங்கு, விளையாட்டுத் திடல், ஊர் வம்பு பேசும் திண்ணை ஆகிய அனைத்தையும் ஒரே கருவிக்குள் கொண்டுவந்து குழந்தையின் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டன.

உலகமும் இப்போது அதே முடிவை நோக்கி வருகிறது. பிரான்சு நாடு 2018ல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டத்தின் மூலம் தடை விதித்தது. யுனெஸ்கோ நிறுவனம் 2023ல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையில், நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான நாடுகளே பள்ளிகளில் ஸ்மார்ட்போனைத் தடை செய்திருந்ததாகக் கூறப்பட்டது. 2024ஆம் ஆண்டின் முடிவில் அத்தகைய தடையுள்ள கல்வி அமைப்புகள் 79 ஆகி, ஏறத்தாழ 40 விழுக்காட்டை எட்டின. மின்னணுக் கருவிகளை உலகிற்கே உற்பத்தி செய்து தரும் தென்கொரியாவும் 2025 ஆகஸ்டில் வகுப்பறைக் கைபேசியைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. கருவியைச் செய்பவன் தன் பிள்ளையின் வகுப்பறையில் அது வேண்டாம் என்கிறான் என்றால், அதில் நமக்குப் படிப்பினை இருக்கிறது.

கவனம் ஓர் அமானிதம்

வகுப்பறையில் மாணவன் கொண்டுவரும் முதலீடு யாது? புத்தகமும் பேனாவும் கடையில் கிடைத்துவிடும். அவனுடைய கவனம் ஒன்றே எங்கும் விலைக்குக் கிடைக்காதது. உஸ்தாதின் நேரமும் மாணவனின் கவனமும் சந்திக்கும் இடத்தில்தான் கல்வி பிறக்கிறது. இரண்டும் அமானிதங்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா நூலின் முதற் பகுதியாகக் கல்வியின் நூலையே அமைத்து, அதிலே மாணவனுக்குரிய கடமைகளை வரிசைப்படுத்தினார்கள். உள்ளத் தூய்மைக்கு அடுத்தபடியாக அவர்கள் கூறியது, மனத்தைப் பல திசைகளில் இழுக்கும் உலகத் தொடர்புகளைக் குறைத்துக்கொள்வதாகும். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த அப்பெரியார் கைபேசியைக் கண்டவரல்லர். மனித மனத்தைக் கண்டவர்.

நம் மக்தப் வகுப்பு அஸருக்குப் பின் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கிறது. கவனம் ஒருமுறை சிதறினால் மாணவன் மீண்டும் பாடத்தில் ஒன்றுவதற்கு 20 நிமிடங்கள் வரை ஆகலாம் என்று மேற்சொன்ன யுனெஸ்கோ அறிக்கை கூறுகிறது. அவ்வாறாயின் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று முறை பையிலிருந்து ஒலி வந்தால் அந்தப் பிள்ளையின் அன்றைய பாடம் முடிந்துவிட்டது. அவன் பள்ளிவாசலுக்கு வந்தான், பாயில் அமர்ந்தான், வீடு திரும்பினான், ஓதவில்லை.

சிலர் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், இப்போது உலகப் புகழ்பெற்ற காரிகளின் கிராஅத் எல்லாம் செயலியிலேயே கிடைக்கிறதே, பிள்ளைகள் அதைக் கேட்டுப் படித்தால் என்ன?" கேட்கட்டும், வீட்டிலே பெற்றோருடன் அமர்ந்து தாராளமாகக் கேட்கட்டும். ஆயினும் ஒரு வேறுபாட்டை நீங்கள் அறிய வேண்டும். கருவி சரியான ஒலியைக் கேட்கச் செய்யும். தமிழ் நாவுக்குப் பழக்கமில்லாத ஐனையும், காஃபையும், பெரிய ஹாவையும் பிள்ளை ஒலிக்கும்போது, ஒலி தொண்டையின் எந்த இடத்திலிருந்து வருகிறது, நா எங்கே தொடுகிறது, உதடு எப்படிக் குவிகிறது என்று பார்த்து, "இன்னும் கொஞ்சம் உள்ளிருந்து" என்று திருத்துவதற்கு ஓர் ஆசானின் கண்ணும் காதும் வேண்டும். பிள்ளையும் அந்த ஆசானின் வாயைப் பார்க்க வேண்டும். குர்ஆன் ஓதுதல் வாய்க்கு வாய், காதுக்குக் காது என்றே தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்திருக்கிறது. மடியில் கிடக்கும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண், உஸ்தாதின் வாயைப் பார்க்காது.

யாருக்கு அதிக இழப்பு?

இத்தீர்மானத்தில் என் உள்ளத்தை மிகவும் தொடுவது ஏழைப் பிள்ளைகளின் நிலையாகும். 2015ல் இலண்டன் பொருளியல் பள்ளியின் ஆய்வு மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. இங்கிலாந்தின் நான்கு நகரங்களைச் சேர்ந்த 91 பள்ளிகளை ஆராய்ந்தபோது, கைபேசியைத் தடுத்த பள்ளிகளில் தேர்வு மதிப்பெண் உயர்ந்திருந்தது. அந்த உயர்வு எல்லாருக்கும் ஒரேபோல் இல்லை. முன்னணி மாணவர்களுக்குத் தடையால் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை; படிப்பில் பின்தங்கியவர்களே அதிகம் பயனடைந்தார்கள். நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020ல் ஸ்வீடன் நாட்டில் செய்யப்பட்ட ஆய்வு அத்தகைய பலனைக் காணவில்லை. ஆகவே கைபேசியை அகற்றியவுடன் மதிப்பெண் மழை பொழியும் என்று எவருக்கும் நான் வாக்குறுதி தரமாட்டேன்.

எனினும் அந்த முதல் ஆய்வு சொல்லும் நியாயம் நமக்குக் கண்கூடு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வகுப்பில் தவறவிட்ட பாடத்தைத் தனிப்பயிற்சி ஆசிரியரிடம் மீட்டுக்கொள்வான். காலையில் கடை திறந்து இரவில் மூடும் தந்தைக்கும், வீட்டு வேலைக்குச் செல்லும் தாய்க்கும் பிறந்த பிள்ளைக்கு, வகுப்பறை ஒன்றே வாய்ப்பு. அந்த ஒரு மணி நேரத்தைக் கைபேசி தின்றுவிட்டால் அதைத் திருப்பித் தர வீட்டில் யாரும் இல்லை. அத்துடன், ஒரு பிள்ளையின் விலையுயர்ந்த கைபேசியை அருகிலிருக்கும் பிள்ளை ஏக்கத்துடன் பார்ப்பதும், வீட்டிற்குச் சென்று அழுவதும், கடன் வாங்கியாவது தந்தை வாங்கித் தருவதும் நாம் அறிந்தவையே. ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கப் பழக்கும் பள்ளிவாசலில், பாயில் அமரும்போது மட்டும் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் பொருள் எதற்கு?

கையில் கொடுத்தவர்கள் நாமே

பிள்ளைகளைக் குறை கூறுமுன் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் வகுப்பறைக்குத் திரும்பினார்கள். அந்த ஒன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தில் கைபேசியே வகுப்பறையாக இருந்தது. "போனைக் கையில் எடு, பாடம் கவனி" என்று சொன்னவர்கள் நாம்தாம். அப்போதும்கூட, 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதல், எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு இணைய வகுப்புகளுக்கு மேல் வேண்டாம் என்று எல்லை வகுத்தது. எல்லை காகிதத்தில் இருந்தது; கருவி பிள்ளையின் கையில் இருந்தது.

பள்ளி திறந்தபின் நிலைமை தலைகீழானது. 2022 மே மாதத்தில், அப்போது பள்ளிக் கல்வித்துறை அமைச்சராக இருந்த அன்பில் மகேஷ் பொய்யாமொழி அவர்கள், மாணவர்கள் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவந்தால் பறிமுதல் செய்யப்படும், திருப்பித் தரப்படமாட்டாது என்று அறிவித்தார்கள். ஓராண்டுக்கு முன் கட்டாயமாக இருந்த பொருள், ஓராண்டுக்குப் பின் குற்றப்பொருளானது. இடையில் அப்பிள்ளைக்கு அமர்ந்து விளக்கியவர்கள் எத்தனை பேர்? ஆகவே கோபத்தைக் குறைத்து, விளக்கத்தைக் கூட்ட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பறிமுதல் குறித்து

இங்கே ஃபிக்ஹு சம்பந்தப்பட்ட ஒரு கேள்வியும் எழுகிறது. விதியை மீறிய பிள்ளையின் கைபேசியை மதரஸா தன்னிடமே வைத்துக்கொள்ளலாமா? அபராதம் வசூலிக்கலாமா? ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் நிலைபெற்ற கருத்துப்படி, தண்டனை என்ற பெயரால் பிறர் பொருளை எடுத்துத் தமதாக்கிக்கொள்வது கூடாது. பிள்ளையின் பையிலுள்ள கைபேசி பெரும்பாலும் தந்தை வாங்கியது. நம்மிடம் ஒப்படைக்கப்படும் வரை அது அவர் பொருள். ஒப்படைக்கப்பட்ட பின் அது நம்மிடம் அமானிதம். எனவே வாங்கி வைக்கலாம். அன்றைக்கே பெற்றோரிடம் திருப்பித் தர வேண்டும். உடைப்பதும், உள்ளே திறந்து பார்ப்பதும், பிறர் முன் ஏசுவதும் கூடாது.

தில்லி உயர் நீதிமன்றமும் 2025 பிப்ரவரியில் பள்ளிக் கைபேசி குறித்த ஒரு வழக்கில் இதனையொத்த நடுநிலையையே கூறியது. முற்றிலுமாகத் தடை செய்வது விரும்பத்தக்கதும் இல்லை, நடைமுறைக்கு உகந்ததும் இல்லை. பாதுகாப்புக்காகக் கொண்டுவரும் கைபேசியை, வசதியுள்ள பள்ளிகள் நுழைவில் வாங்கி வைத்து, திரும்பும்போது தரலாம். வகுப்பறையில் பயன்படுத்தக்கூடாது என்பன அதன் வழிகாட்டுதல்களுள் சில. கையாளத்தக்க வழி இதுவென்றே நானும் கருதுகிறேன்.

பெற்றோரின் அச்சம்

தாய்மார்கள் கூறுவதில் நியாயம் உண்டு. முடிச்சூரிலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் பேருந்திலும் மின்சார இரயிலிலும் பள்ளிக்குச் சென்று, அங்கிருந்து நேராக மதரஸாவுக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாய், தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் பெருகிவிட்டன. "பிள்ளை வந்து சேர்ந்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்பது சரியான கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் தடை போடுவது அநீதி.

ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைவுகூருங்கள். முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மிதந்த அந்நாட்களில் பல இடங்களில் கைபேசி இணைப்பே அற்றுப்போயிற்று. அன்று நம்மைக் காத்தவை அண்டை வீட்டாரின் கையும், தெரு இளைஞர்களின் தோளும், படகுமேயன்றிப் பையிலிருந்த கருவி அன்று. இன்று பத்து வயதுப் பிள்ளையிடம் "அத்தாவின் எண் என்ன?" என்று கேட்டால், "போனில் இருக்கிறது" என்கிறது. சின்னஞ்சிறு சூராக்களை மனனம் செய்யும் பிள்ளையால் பத்து இலக்க எண் ஒன்றை மனனம் செய்ய முடியாதா? வீட்டு முகவரியையும், பெற்றோர் இருவரின் எண்களையும் பிள்ளைக்கு மனப்பாடமாக்குங்கள். அது மின்னேற்றம் தீர்ந்துபோகாத பாதுகாப்பு.

கட்டுப்பாடு முதலில் நமக்கு

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகம் 2025ல் 30 பள்ளிகளில் செய்த ஆய்வின் முடிவை வெளியிட்டது. கைபேசியைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய பள்ளிகளின் பிள்ளைகளுக்கும், அனுமதித்த பள்ளிகளின் பிள்ளைகளுக்கும் மனநலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. காரணம் யாது? நாள் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், பிள்ளைகள் திரையில் செலவிட்ட நேரம் இரு பள்ளிகளிலும் பெரிதும் மாறவில்லை. அந்த மொத்த நேரம் கூடக்கூட, மனநலமும் உறக்கமும் குன்றியிருந்தன. பள்ளியில் மிச்சப்படுத்தியதை வீட்டில் தாராளமாகச் செலவழித்தால் என்ன பயன்?

வீட்டைப் போலவே பள்ளிவாசலையும் பாருங்கள். "கைபேசியை அணைத்துவிடவும்" என்று நம் பள்ளி வாசலிலே எழுதி வைத்திருக்கிறோம். இருந்தும் தொழுகையின் நடுவே ஸஃப்பிலிருந்து ஒலி வருகிறது. அது பிள்ளைகளின் கைபேசியன்று. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களில் கைபேசியைத் தடை செய்யுமாறு உத்தரவிட்டது. நம்மை எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்த வேண்டிய நிலை வரவேண்டாம். நாமே செய்துகொள்வோம்.

ஆகவே தீர்மானத்துடன் பின்வரும் ஏற்பாடுகளையும் சேர்க்குமாறு நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

1. மதரஸா வாசலில் எண்ணிட்ட அறைகள் கொண்ட பூட்டுள்ள அலமாரி ஒன்று வைக்கப்பட வேண்டும். சாவிக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும்.

2. உஸ்தாதுகளும், பாடம் நடத்தும் ஆசிரியர்களும் தத்தம் கைபேசிகளை முதலில் அந்த அலமாரியில் வைக்க வேண்டும். முதல் எண் அறை இமாமுக்கு உரியதாக இருக்கட்டும்.

3. அலுவலகத்தில் ஒரு கைபேசி வகுப்பு நேரம் முழுவதும் இயங்க வேண்டும். அதன் எண் ஒவ்வொரு வீட்டிற்கும் தரப்பட வேண்டும். வராத பிள்ளையின் வீட்டிற்கு வகுப்பு தொடங்கிய பதினைந்து நிமிடங்களுக்குள் அழைப்பு செல்ல வேண்டும்.

4. வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டும். பிள்ளையின் குறிப்பேட்டில் எழுதித் தரப்பட வேண்டும். வகுப்பில் பிடுங்கி, வீட்டுப்பாடத்திற்காக மீண்டும் கையில் கொடுப்பது முரண்பாடு.

5. செவித்திறன் கருவி, நீரிழிவுள்ள பிள்ளையின் சர்க்கரை அளவு காட்டும் கருவி, பார்வைக் குறைவுள்ள பிள்ளை படிக்க உதவும் கருவி ஆகியவற்றுக்கு இத்தடை பொருந்தாது.

6. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில், அவசரத் தேவைகள் தவிர, நம் வீடுகளில் கைபேசிகள் ஓரிடத்தில் வைக்கப்படட்டும். தந்தையின் கைபேசி முதலில் வைக்கப்படட்டும்.

நிறைவாக

கணினியைக் கற்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. நம் மாநில அரசு 2011 செப்டம்பர் முதல் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியபோது, நம் ஜமாஅத்துப் பிள்ளைகளும் அதனால் பயனடைந்தார்கள். ஆசிரியர் சொல்லும் வேலைக்காக, சொல்லும் நேரத்தில் திறக்கப்படும் கருவி பாடத்திற்குத் துணை. பாடம் நடக்கும்போது தானாக அழைக்கும் கருவி பாடத்திற்குப் போட்டி. துணையை வரவேற்போம், போட்டியை வாசலில் நிறுத்துவோம்.

பள்ளிவாசலுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றி வைக்கிறோம். செருப்பின் மீது நமக்குப் பகை எதுவும் இல்லை. வழி நடக்க அது வேண்டும், திரும்பும்போது அதையே அணிந்து செல்வோம். உள்ளே அதற்கு இடமில்லை, அவ்வளவே. கல்வி அவைக்கும் அத்தகைய ஒரு வாசல் உண்டு என்பதை நம் பிள்ளைகள் நம்மைப் பார்த்தே கற்றுக்கொள்ளட்டும்.

பயனுள்ள கல்வியையும், அதனைப் பெறுவதற்குரிய ஓர்மையையும் நம் மக்களுக்கு வல்ல ரஹ்மான் வழங்குவானாக! சொன்னதை முதலில் நடைமுறைப்படுத்துவோராக நம்மை ஆக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.